ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கிறது. இப்போதே எதைத் தொடங்கலாம்?

தருமபுரத்தாள்
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் எனக்கு ஒன்பது வருடம். முதல் ஐந்து வருடம் குந்தியிருந்து, பல்லு வைத்த றேக் என்ற கருவியால் மண்ணை இழுத்து இழுத்துத் தேடினேன். பிறகு பகுதித் தலைவர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே எட்டுப் பேர். போன வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, வெளிநாட்டு நிதி குறைந்துவிட்டது, உங்கள் அணியின் ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடிகிறது என்று சொன்னார்கள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது, 2028 ஆனிக்குள் நிலம் துப்புரவாக வேண்டும் என்று காலக்கெடு இருக்கிறது. இந்த வேலை ஒருநாள் முடியத்தான் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வயது 36. சாதாரண தரம் சித்தி. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்வு வந்தது, அதோடு படிப்புப் போய்விட்டது. இரண்டு பிள்ளைகள், அம்மா. வீட்டில் உழைப்பது நான் மட்டும்.

கூட வேலை செய்யும் ஆட்கள் "முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடலாமா? எங்கே தொடங்குவது?

முறிகண்டியான்
ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, நீங்கள் நிற்கிற இடத்தில் நான் மூன்று தடவை நின்றிருக்கிறேன். 2013, 2017, 2022. மூன்றும் தொண்டு நிறுவன வேலை, மூன்றும் "புரொஜெக்ட் முடிந்தது" என்று முடிந்தவை. முதல் தடவை, கடைசிச் சம்பளம் எடுத்த பிறகுதான் தேடத் தொடங்கினேன். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். மூன்றாம் தடவை, முடிய நாலு மாதம் இருக்கும்போதே தொடங்கினேன். அப்போது பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தது, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். அப்படியும் இரண்டு கிழமைதான் இடைவெளி.

இப்போதே தொடங்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்களுக்காகக் கையெழுத்து வைக்கக்கூடியவர்கள் இன்றைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவர் வேறு நாட்டில் இருப்பார், கோப்புகள் கொழும்பில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். 2013ல் என் சேவைச் சான்றிதழை எடுக்க எனக்கு எட்டு மாதம் போனது. வந்த கடிதத்திலும் இரண்டே வரி: இவர் இங்கே இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை வேலை செய்தார். அதை வைத்து என்ன செய்வது?

அதனால் நாளைக்கே கேளுங்கள். என்னென்ன பதவி, எந்தத் திகதியில் உயர்வு, எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், என்னென்ன பயிற்சி, ஒன்பது வருடத்தில் உங்கள் அணியில் விபத்து நடக்கவில்லை என்றால் அதுவும், எல்லாம் சான்றிதழில் வர வேண்டும். அவர்களுக்கு எழுத நேரம் இருக்காது. நீங்களே ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அதையே ரைப் பண்ணித் தருவார்கள். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

அடுத்தது காசுக் கணக்கு. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம். எல்லா மாதமும் கட்டுப்பட்டிருக்கிறதா, பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்று இப்போதே பாருங்கள். பிறகு பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பது 1983ஆம் ஆண்டின் சட்டம். ஒன்பது வருடத்துக்கு நாலரை மாதச் சம்பளம் வரும். ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்தார்கள் என்பதால் அது இல்லை என்று யாராவது சொன்னால், அதோடு விட்டுவிடாமல் தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போய்க் கேளுங்கள். இந்தக் காசு எத்தனை மாதம் வீட்டைத் தாங்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். பயத்தோடு தேடினால் வருகிற முதல் வேலையைப் பிடித்துக்கொள்வோம்.

வேலை தேடுவதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். நீளமாகிவிட்டது.

பாலைப்பழம்
திங்கள், காலை 6.50

அக்கா, நான் வவுனியாவில் பட்டம் முடித்தவன். அரச நியமனம் வரும் வரும் என்று இரண்டு வருடம் இருந்தேன். வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை பார்ப்பது, இவ்வளவுதான் என் தேடல். மற்ற ஐந்து நாளும் ஒன்றும் இல்லை. கலியாண வீட்டுக்குக்கூடப் போக மாட்டேன், "இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்பார்களே என்று.

கடைசியில் அம்மாவின் கரைச்சல் தாங்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அதில் ஒரு பிள்ளையின் தகப்பன் அரிசி ஆலையில் கணக்குப் பார்ப்பவர். மூன்றாம் மாதம் அவர்தான் வந்து, "எங்களுக்குக் கணினி தெரிந்த ஆள் தேவை, வருகிறீரா?" என்று கேட்டார். அந்த வேலை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நான் வீட்டுக்குள் இருந்திருந்தால் அவருக்கு நான் இருப்பதே தெரிந்திருக்காது.

வர்த்தமானி பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதும் பார்க்கிறேன். அதற்கு வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம் போதும்.

குமுழமுனைக் காற்று
திங்கள், பகல் 12.30

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் 14 இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்தில்தான் கூப்பிட்டார்கள். இரண்டிலும் ஆளை முன்னமே தீர்மானித்துவிட்டு எங்களைச் சும்மா இருத்திக் கேள்வி கேட்டார்கள். ஒரு தடவை போய்வர முல்லைத்தீவில் இருந்து பஸ் காசும் சாப்பாடும் என்ன வரும் தெரியுமா? இங்கே ஆளைத் தெரிந்தால்தான் வேலை. இந்தத் தங்கச்சிக்கு வீண் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

ஓமந்தை மேற்கு
திங்கள், இரவு 7.20

தம்பி சொல்வதில் பாதி உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. நான் வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆளணிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இடத்துக்கு வருகிறவர்களில் கனபேர் உள்ளே வேலை செய்கிறவர்கள் சொல்லி வருகிறவர்கள்தான். சொல்லி விடுவது யார் என்று பார்த்தால், லைன் சுப்பவைசர், வான் சாரதி, கன்ரீன் அக்கா. "எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இருக்கிறாள், நேரத்துக்கு வருவாள், பொறுப்பானவள்" என்று அந்த அக்கா சொன்னால் எங்கள் முகாமையாளர் உடனே கூப்பிடச் சொல்வார். அமைச்சரைத் தெரிந்திருப்பது வேறு, கன்ரீன் அக்காவைத் தெரிந்திருப்பது வேறு. இரண்டாவது நம் எல்லோராலும் முடியும்.

தருமபுரத்தாள் அக்காவுக்கு, விண்ணப்பங்களைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் சில விடயம்.

சி.வி.யில் "கண்ணிவெடி அகற்றுநர், 9 வருடம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருந்து வந்த முகாமையாளருக்குத் தெரியாது. அவர் மனதில் மண்வெட்டிதான் வரும். நீங்கள் ஒவ்வொரு நாளும் அளந்து, வரைபடத்தில் குறித்து, அறிக்கை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். முதலுதவி படித்திருப்பீர்கள், காயப்பட்டவரை வெளியே எடுக்கும் ஒத்திகை செய்திருப்பீர்கள். வோக்கியில் முறைப்படி கதைத்திருப்பீர்கள். எட்டுப் பேர் விதியை மீறாமல் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கினால் வேலையை நிறுத்தியிருப்பீர்கள் அல்லவா? தரக்கட்டுப்பாட்டுக்கும், களஞ்சியத்துக்கும், கட்டடத் தளங்களில் விபத்து நடக்காமல் பார்க்கும் பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலைக்கும் நாங்கள் தேடுகிற ஆள் இதுதான். அதை அப்படியே எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

தொலைபேசி எண் உங்கள் கையில் இருக்கிற போனின் எண்ணாக இருக்கட்டும். நாங்கள் எடுத்தால் அண்ணன் எடுக்கிறார், "அவ வயலுக்குப் போயிட்டா, பிறகு எடுங்கோ" என்கிறார். பிறகு நாங்கள் எடுப்பதில்லை, அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். உறவினர் அல்லாத இருவரின் பெயர் கேட்போம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "யார்? எனக்கு ஞாபகம் இல்லையே" என்று அவர் சொன்னால் அந்த விண்ணப்பம் அதோடு முடிந்தது.

முறிகண்டியான்
திங்கள், இரவு 9.05

குமுழமுனைத் தம்பி, 14 இடத்துக்கும் போட்டுவிட்டுத் திரும்ப எத்தனை இடத்தில் கேட்டீர்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை. நானும் 2013ல் ஒரு இடத்தில்கூடத் திரும்பக் கேட்கவில்லை. தபாலில் போட்டுவிட்டு, அவர்கள் கூப்பிடட்டும் என்று இருந்தேன். கூப்பிடாதபோது நெஞ்சு கசந்தது.

2022ல் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் எனக்குத் தெரிந்த, எங்கேயாவது வேலை செய்கிற 30 பேரின் பெயரை எழுதினேன். பழைய மேலதிகாரி, கூடப் படித்தவன், எங்களுக்கு வாகனம் வாடகைக்கு விட்டவர், நாங்கள் வீடு கட்டிக் கொடுத்தபோது சீமெந்து தந்த கடைக்காரர். ஒவ்வொரு கிழமையும் ஐந்து பேரிடம் போனேன். "வேலை எடுத்துத் தாருங்கள்" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மனிதர் சங்கடப்படுவார், அடுத்த தடவை எங்களைக் கண்டால் வேறு பக்கம் போவார். "என் வேலை இன்ன மாதம் முடிகிறது, எனக்கு இதிது தெரியும், உங்கள் பக்கத்தில் இப்போது என்ன நடக்கிறது?" என்றுதான் கேட்டேன். கதை தானாக வந்தது. யார் போனார்கள், எங்கே புதுக் கிளை திறக்கிறார்கள், எந்த ஒப்பந்தகாரருக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது என்று. போன திகதி, அவர் சொன்னது, திரும்ப எப்போது போக வேண்டும், மூன்றையும் கொப்பியில் எழுதினேன். வேலை கிடைத்தது 22ஆவது ஆளிடம் கேட்ட கதையால். அவர் சீமெந்துக் கடைக்காரர்.

தங்கச்சி, உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். வேலை தேடுகிறவர்களைப் பதிவதும் தொழிற்சந்தை வைப்பதும் அவர்களின் அலுவல். கனபேருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. ஒரு லீவு நாளில் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்.

நெடுங்கேணித் தச்சன்
செவ்வாய், மாலை 5.45

நான் 17 வயதில் இருந்து தச்சு வேலை. கையில் ஒரு கடதாசி இல்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை, இதுவரை செய்த வேலைக்கு அத்தாட்சி காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன்னால் செய்து காட்டினால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவார்கள். நைற்றா என்ற அரச பயிற்சி நிறுவனத்திலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் கேட்கலாம். நான் செய்த கதவு, நிலை, அலுமாரி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரு கோப்பாக்கிக் கொண்டு போனேன். 4ஆம் மட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒப்பந்த வேலைக்கு விலை சொல்லும்போது குரலே மாறிவிட்டது எனக்கு.

கண்ணிவெடி அணிகளில் இயந்திரம் ஓட்டுகிற பொடியன்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் சொல்லுங்கள். வேலை முடிய முன்பு, அந்த இயந்திரத்தோடு படமும் கடிதமும் எடுக்கச் சொல்லுங்கள். இளம் ஆட்களுக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

விசுவமடு அக்கா
செவ்வாய், இரவு 8.10

நான் இடைக்கால வேலை என்று ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன். விடிய எழும்பிச் சமைத்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வர இருட்டிவிடும். வேறு வேலை தேடுவேன் என்று நினைத்துத்தான் போனேன், மூன்று வருடம் போய்விட்டது. போனதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். சேமலாப நிதி கட்டுகிறார்கள், பிள்ளை படிக்கிறாள். ஆனால் "தற்காலிகம்" என்று எடுக்கிற வேலையிலும், கிழமையில் ஒரு பின்னேரத்தைத் தேடலுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். நான் வைக்கவில்லை.

இன்னொன்று. நுண்கடன் ஏதும் இருந்தால், சம்பளம் நிற்க முன்பே அவர்களோடு கதையுங்கள். புதிதாக எடுக்காதீர்கள்.

தருமபுரத்தாள்
செவ்வாய், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. ஓமந்தை அக்கா எழுதியதை வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். என் வேலையை அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு கேள்வி. ஊரில் ஒருவர் டுபாயில் துப்புரவு வேலை இருக்கிறது, நாலு இலட்சம் கட்டினால் ஒரு மாதத்தில் அனுப்பலாம் என்கிறார். நகையை அடகு வைத்தால் கட்டலாம். என்ன செய்யட்டும்?

முறிகண்டியான்
செவ்வாய், இரவு 9.42

ஒரு சதமும் கட்டாதீர்கள். முதலில் அவரிடம் முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற எண்ணில் எடுத்து, அந்த முகவருக்கு அனுமதி இருக்கிறதா, அந்த வேலைக்கே அனுமதி இருக்கிறதா, இரண்டையும் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொன்னால் அதோடு கதையை முடியுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய், மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைத்திருந்த எங்கள் நாட்டுப் பிள்ளைகளை மீட்ட செய்தி எல்லோரும் பார்த்ததுதான்.

அணியில் யாராவது கொரியாவுக்குப் போக நினைத்தால், அது பணியகம் ஊடாக மட்டும்தான். மொழிப் பரீட்சை எழுத வேண்டும். இடையில் முகவர் என்று எவரும் இல்லை.

மட்டுறுத்துநர்
புதன், காலை 7.00

தொலைபேசி எண் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். பொது இழையில் எண்ணைப் போடாதீர்கள், தனிமடலில் கொடுங்கள்.

தருமபுரத்தாள்
(ஐந்து கிழமைக்குப் பிறகு) சனி, இரவு 8.20

சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

சேவைச் சான்றிதழ் கையில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம், அண்ணா சொன்ன மாதிரி நானே எழுதிக் கொடுத்தேன். சேமலாப நிதியில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, ஒன்பது வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. திருத்தக் கொடுத்துவிட்டேன். சாதாரண தரச் சான்றிதழ் 2009ல் தொலைந்தது, பரீட்சைத் திணைக்களத்தில் இணையத்தில் விண்ணப்பித்து எடுத்தேன். பணிக்கொடை பற்றி நான் ஒருத்தி கேட்கப் போய், இப்போது அணியில் 11 பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டிருக்கிறோம். மறுக்கவில்லை, கணக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டுபாய்க்காரரிடம் அனுமதி எண் கேட்ட அன்றில் இருந்து அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

கொப்பியில் 19 பேர் எழுதினேன். 30 வரவில்லை. முதல் இரண்டு பேரிடம் போகக் கால் கூசியது. ஒரு வீட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன், அடுத்த நாள்தான் போனேன். பன்னிரண்டாவது, எங்களுக்கு முதலுதவி படிப்பித்த மிஸ். வவுனியாவில் ஒரு கட்டட நிறுவனத்துக்குத் தளப் பாதுகாப்புக்குப் பெண் ஒருவர் தேவையாம், கிளிநொச்சிப் பக்கத்து வேலைத்தளங்களுக்கு. அவர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வியாழன் காலை 9 மணிக்கு நேர்முகம்.

கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டாலும் இன்னும் ஏழு பெயர் இருக்கிறது. நித்திரை வருகிறது இப்போது.

குமுழமுனைக் காற்று
சனி, இரவு 8.55

அக்கா, நல்லபடி நடக்க வேண்டும். நானும் பழைய 14 இடத்தில் ஆறுக்குத் திரும்ப எடுத்துக் கதைத்தேன். ஓர் இடத்தில் வேலைக்கு எடுத்த ஆள் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாராம், புதுச் சி.வி. அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியிருக்கிறேன்.

ஓமந்தை மேற்கு
சனி, இரவு 9.10

வியாழனுக்கு: உங்கள் தளத்தில் ஏதாவது பிழை நடக்க இருந்து, நீங்கள் நிறுத்திய ஒரு நாளைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு சம்பவத்தை முதலே நினைத்து வையுங்கள். என்ன கண்டீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள், பிறகு என்ன மாற்றினீர்கள். மூன்று நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் "நீங்கள் தருவது" என்று சொல்லாதீர்கள், இப்போது எடுக்கும் தொகையைச் சொல்லி அதற்குக் குறையாமல் என்று சொல்லுங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் தெரியும் என்றே சொல்லுங்கள்.

தருமபுரத்தாள்
சனி, இரவு 9.25

சரி அக்கா. நாளைக்கு மூத்தவளை முன்னால் இருத்திச் சொல்லிப் பார்க்கிறேன். தருமபுரத்தில் இருந்து 9 மணிக்கு வவுனியாவில் நிற்க எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?

முறிகண்டியான்
சனி, இரவு 9.40

ஐந்துக்கே வெளிக்கிடுங்கள். பரந்தன் சந்திக்கு வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற பஸ் ஏதாவது கிடைக்கும். பரந்தனில் இருந்து வவுனியா எண்பது கிலோமீற்றருக்கு மேல், இரண்டு மணித்தியாலம் என்று வையுங்கள். எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு தேத்தண்ணி குடித்து, தலையை வாரிக்கொண்டு போக நேரம் இருக்கும். சான்றிதழ்களின் மூலப் பிரதியும் போட்டோப் பிரதியும் வெவ்வேறு உறையில் வையுங்கள். மழைக்காலம், பொலித்தீன் சுற்றுங்கள்.